அண்ணனுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா?

அன்புள்ள ஐயா,

அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். பெரம்பூர் வீட்டில் அம்மாவும் அண்ணன் குடும்பமும் இருக்கிறார்கள். மாடி வாடகையை அண்ணனே வாங்கிக்கொள்கிறார். நாங்கள் இரண்டே பிள்ளைகள். என் பங்கைக் கேட்டால், "உனக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டாச்சே" என்கிறார். ஆத்திரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இருவரும் ஒரே சபை; இப்போது பேச்சே இல்லை. ஆராதனையில் திருவிருந்து (அப்பமும் ரசமும்) எடுப்பதையும் நிறுத்திவிட்டேன். "கிறிஸ்தவள் விட்டுக்கொடுக்க வேண்டும்" என்கிறார்கள் சபையில். வக்கீல் நோட்டீஸ் தயாராக இருக்கிறது. அனுப்பினால் பாவமா?

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரி,

பாவமில்லை. ஆனால் அதற்கு முன் செய்யவேண்டியது பாக்கி இருக்கிறது.

உங்கள் உரிமை என்ன என்பதில் குழப்பம் வேண்டாம். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலில்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி, மகன் மகள் வித்தியாசமின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக. ஆக, உங்கள் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. தகப்பன் உயிரோடிருந்தபோது பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கக் கூடாது என்கிறது 49-ஆம் பிரிவு. நகைக் கணக்கு சட்டத்தில் நிற்காது. அண்ணன் மனதில் நிற்கிறது. அதைத்தான் நீங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

மத்தேயு 18-இல் ஆண்டவர் ஒரு வரிசை தருகிறார்: முதலில் "நீயும் அவனும் தனித்திருக்கையில்", பிறகு ஒன்றிரண்டு பேரோடு, கடைசியில் சபைக்கு. நம் குடும்பங்களில் இது தலைகீழாக நடக்கிறது. ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் சம்பந்தப்பட்டவருக்கு வருகிறது. அதற்குள் அவருக்குத் தன் மானத்தைக் காப்பதே பெரிய வேலையாகிவிடும். வீட்டுப் பங்கு பின்னால் போய்விடும்.

எனவே அந்தக் குரூப்பிலேயே ஆரம்பியுங்கள். "இங்கே எழுதியது தவறு, மன்னியுங்கள் அண்ணா" என்று மட்டும் போடுங்கள். "ஆனால்" என்று அடுத்த வரி வேண்டாம். மன்னிப்பு நீங்கள் பேசிய விதத்துக்கு. பங்கு கேட்டதற்கு இல்லை.

பிறகு போனில் கூப்பிட்டு நேரம் கேளுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து சபை வாசலில் வேண்டாம், நாலு பேர் பார்ப்பார்கள். அண்ணியும் உங்கள் கணவரும் அன்றைக்கு வேண்டாம். அவர் நகையைப் பற்றிப் பேசினால் முழுதாகப் பேசவிடுங்கள். அம்மாவின் மருந்துச் செலவு, வீட்டு வரி, ரிப்பேர் என்று அவர் சுமந்ததும் வெளியே வரும். குறித்துக்கொள்ளுங்கள், அதற்கும் கணக்கு உண்டு. அன்றே கையெழுத்துக் கேட்காதீர்கள். அவர் மிரட்டுபவர், கை ஓங்குபவர் என்றால் மட்டும் தனியே போகவே வேண்டாம்.

அது பலிக்காவிட்டால், இருவருக்கும் நம்பிக்கையான ஒருவரை உட்காரவையுங்கள். உங்கள் பக்கத்து ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிப்போனால் அது படையெடுப்பு. போதகரிடம் போகலாம்; ஆனால் சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டியில் வைத்தால் பழைய சபை எலெக்ஷன் பகையெல்லாம் உள்ளே வந்துவிடும் என்பது என் எண்ணம்.

அதற்கும் இறங்காவிட்டால் சமரசம். 2005 முதல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் இயங்குகிறது. அங்கே பேசியதைப் பிறகு கோர்ட்டில் சாட்சியாக்க முடியாது. கையெழுத்துப் போடும்வரை எதுவும் கட்டுப்படுத்தாது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், பெண் என்பதாலேயே, வருமானம் பார்க்காமல் உங்களுக்கு இலவச வக்கீல் கிடைப்பார். உடன்பாடு வந்தால் வெள்ளைத்தாளோடு விடாமல் பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை மறுபடி சண்டை போடும்.

இதற்கிடையில் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அண்ணன் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ முயல்வதாகத் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றே நோட்டீஸ் போகட்டும்.

விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்களே, அதைப் பற்றி: உங்கள் பங்கை, அதன் மதிப்பு தெரிந்து, மனதார விடுவதென்றால் விடுதலைப் பத்திரம் எழுதுங்கள். பயந்து விட்டுவிட்டு உள்ளே புழுங்குவது சமாதானமில்லை. "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்றுதான் ரோமர் 12:18 சொல்கிறது. உங்களாலானதைச் செய்தபின் அண்ணன் முகம் திருப்பினாலும் திருவிருந்துக்குப் போங்கள்.

ஒன்று உறுத்துகிறது. அம்மா என்ன நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. மூன்றில் ஒரு பங்கு அவருடையது; மாடி வாடகையிலும் அவருக்குப் பங்குண்டு. அண்ணனைப் பார்க்கும் முன் அவரிடம் போய்க் கேளுங்கள்.