டிடிஎஸ் 230 என்றால் குடிக்கலாமா? சேலத்துக் குழாய்த் தண்ணீர் பற்றிக் கேள்வி பதில்

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சேலத்தைச் சுற்றியுள்ள சின்ன ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

அண்ணா, டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கினேன். காவிரித் தண்ணி 230 காட்டுது, போர் தண்ணி 1,100. அப்போ காவிரித் தண்ணியை அப்படியே குடிக்கலாமா? (ஓமலூர்)

தம்பி, அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைத்தான் சொல்லும். கொஞ்சம் சாக்கடை கசிந்து கலந்தாலும் அந்த எண் பெரிதாக அசையாது. ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தர அளவுப்படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியில்லாத ஊரில் 2,000 வரை போகலாம். ஆகவே உங்கள் இரண்டு எண்ணும் பெரும்பாலும் ருசி சம்பந்தப்பட்டவை. அதே தர அளவு கிருமி விஷயத்தில் துளியும் விட்டுக்கொடுப்பதில்லை. 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி) ஒன்றுகூட இருக்கக் கூடாது.

நீங்கள் பார்க்க வேண்டியது குளோரின். மேட்டூரில் எடுத்துச் சுத்திகரித்த தண்ணீர் பெரிய குழாய், சம்ப், மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய் என்று கடந்து வீட்டுக்கு வருகிறது. வழியில் அழுக்கைச் சந்திக்கும் இடமெல்லாம் குளோரின் செலவாகிறது. எல்லாம் போக உங்கள் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். அது இருந்தால், வழியில் எதுவும் பெரிதாகக் கலக்கவில்லை என்று ஓரளவு நம்பலாம். சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் சின்னப் பெட்டி கடையில் கிடைக்கிறது. மீட்டருக்குக் கொடுத்த காசை அதற்குக் கொடுத்திருக்கலாம்!

ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசம் அடிக்கிறது, நாலு நாள் ஒன்றுமே இல்லை. ஏன் சார்?

பிளீச்சிங் பவுடரைக் கணக்கில்லாமல் போடுகிறார்கள். புதுப் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்று வைத்தால் 60,000 லிட்டர் தொட்டிக்கு 240 கிராம். அதை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத் திறக்க வேண்டும். தண்ணி விடுகிறவர் பவுடரை அப்படியே கொட்டிவிட்டு உடனே வால்வைத் திறந்தால், முதல் தெருவுக்கு நெடி, கடைசித் தெருவுக்கு ஒன்றுமில்லை.

மூட்டையையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஈரம் படும் மோட்டார் ரூமில் வாய் கட்டாமல் மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் குளோரின் போய், சுண்ணாம்புதான் மிஞ்சியிருக்கும். ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை. அவருக்குத் தராசே கொடுத்திருக்க மாட்டார்கள்.

தண்ணி விட்டதும் முதல் பத்து நிமிஷம் கலங்கலா, நாத்தமா வருது. தெருவில் இரண்டு பேருக்கு மஞ்சள் காமாலை. பயமா இருக்குங்க ஐயா.

பயப்பட வேண்டிய விஷயம்தான் அம்மா. இன்றே கொதிக்கவைத்துக் குடிக்க ஆரம்பியுங்கள். காமாலை கண்டவர்கள் டாக்டரைப் பார்க்கட்டும், சுகாதார ஆய்வாளருக்கும் சொல்லிவிடுங்கள். காமாலை தரும் கிருமிகளில் தண்ணீர் வழியாகப் பரவுபவை ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள்.

நம் ஊர்களில் சில நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் விடுகிறார்கள். மற்ற நேரம் குழாய் காலி. வீட்டு இணைப்புக் குழாய் சாக்கடைக்குள்ளேயே போகும் தெருக்களில், ஒரு ஜாயின்ட் விட்டிருந்தாலும் சாக்கடை உள்ளே இறங்கும். அதோடு யாராவது குழாயில் நேரடியாக மோட்டாரைப் போட்டு இழுத்தால், அந்த உறிஞ்சலில் பக்கத்து ஓட்டை வழியாக அழுக்கும் சேர்ந்து வரும். மோட்டார் போடுகிறவர் தன் வீட்டுக்கும் சேர்த்தே அதை இழுக்கிறார், இது யாருக்கும் உறைப்பதில்லை. எந்த வீட்டிலிருந்து நாற்றம் தொடங்குகிறது என்று வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். உடைப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கிருமிப் பரிசோதனைக்குக் குடிநீர் வடிகால் வாரியக் கூடத்தில் கிருமி நீக்கிய பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள். பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால், அந்த பாட்டிலில் இருந்த கிருமியைத்தான் பரிசோதிக்க முடியும். பிடித்ததை ஐஸ் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.

மலை ஊற்றுத் தண்ணி சுத்தம்தானே? இங்கே தண்ணி சீக்கிரமே கொதிச்சிடும், அது போதுமா? (ஏற்காடு)

தெளிவாக இருக்கும், சுத்தம் என்று சொல்ல முடியாது. மேலே ஆடு மாடு மேய்ந்தாலோ, காபித் தோட்டத்தில் கழிவுக்குழி இருந்தாலோ மழைக்குப் பிறகு ஊற்றில் தெரியும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதுவே கிருமிக்குப் போதும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் சரி.

போர் தண்ணியில் பாத்திரமெல்லாம் வெள்ளை படியுது. கிட்னி கல் வருமா?

மேக்னசைட் (மக்னீசியம் கொண்ட வெள்ளைக் கல்) பூமி நம்முடையது, வெள்ளை படியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கடினத் தண்ணீரால் கல் வரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கவலைப்பட வேண்டியவை கண்ணுக்குத் தெரியாத இரண்டு. ஒன்று நைட்ரேட்: லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, இதில் சலுகையே கிடையாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது ஆபத்து. இன்னொன்று புளோரைடு: லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5 கடைசி எல்லை. பக்கத்து தர்மபுரிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே பற்களைக் கறையாக்கி எலும்பை வளைக்கும் இந்தப் புளோரைடால்தான். கொதிக்கவைத்தால் இரண்டும் போகாது. தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும்.

கேன் தண்ணி?

சீல், உரிம எண், தேதி மூன்றும் இருந்தால் வாங்குங்கள். வெயிலில் நின்ற வண்டியிலிருந்து வேண்டாம்.

தண்ணீர் மோசமாக இருந்தால் சட்டப்படி என்ன செய்யலாம்?

ஐ.எஸ். 10500 குழாய்த் தண்ணீருக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. அதனால் 'தரம் மீறிவிட்டார்கள்' என்று போய் நின்றால் காரியம் நடக்காது. தகவல் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தோடு உள்ளாட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'தண்ணீர் நல்லதா?' என்று கேட்காதீர்கள், 'நல்லது' என்றுதான் வரும். கடந்த ஆறு மாதக் கிருமிப் பரிசோதனை முடிவுகளின் நகல், மாதிரி எடுத்த இடம், தொட்டி கழுவிய தேதிகள், பிளீச்சிங் பவுடர் இருப்புப் பதிவேடு என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். மாதிரி எடுத்த இடம் என்று எல்லாத் தாளிலும் தொட்டியடியே இருந்தால், கடைசித் தெருக் குழாயிலும் எடுக்கச் சொல்லி அடுத்த மனுவைக் கொடுங்கள்.