குளிர் ஊரில் கால்குலேட்டர் பட்டன் செல் ஆறு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. நீண்ட நாள் வர என்ன செய்யலாம்?

ஊட்டியில் கல்லூரி படிக்கும் மகளின் கேசியோ 991இஎஸ் பிளஸ் கால்குலேட்டருக்கு வருடத்துக்கு இரண்டு செல் ஆகிறது, இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. ஒரு செல் மூன்று வருடம் வர வேண்டும்.

நான் கோத்தகிரியில் நில அளவை செய்கிறேன். அதே மாடல்தான் என் கையிலும் இருக்கிறது. எங்கள் மலையில் அது இல்லாமல் வேலை நடக்காது. 20 டிகிரி சரிவில் டேப் 30 மீட்டர் காட்டினால், கணக்கில் சேருவது 28.19 மீட்டர்தான், ஏனென்றால் நிலத்தின் பரப்பைத் தட்டையாக வைத்துத்தான் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு டேப் நீளத்துக்கும் சரிவின் கோணத்துக்கு ஒரு காஸ் (cos) தட்டிப் பெருக்க வேண்டும். அப்படித் தட்டியும் என் செல் மூன்று வருடம் வருகிறது. ஆரம்பத்தில் எனக்கும் உங்களைப் போலத்தான் அடிக்கடி தீர்ந்துகொண்டிருந்தது.

முதலில் கணக்கைப் பாருங்கள். இந்தக் கால்குலேட்டர் இழுக்கும் மின்சாரம் 0.0002 வாட். உள்ளே இருப்பது 1.5 வோல்ட் எல்ஆர்44 செல் ஒன்று. நல்ல செல்லில் சுமார் 120 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். அதை 1.5 வோல்ட்டால் பெருக்கினால் 0.18 வாட் மணி, அதை 0.0002 வாட்டால் வகுத்தால் ஏறக்குறைய 900 மணி நேரம் வருகிறது. தினம் ஒரு மணி நேரம் என்று வைத்தால் இரண்டரை வருடம். மேலே இருக்கும் சோலார் தகடு வெளிச்சத்தில் பாரத்தைத் தான் எடுத்துக்கொள்வதால் இன்னும் கொஞ்சம் நீளும். கம்பெனி சொல்வதும் தினம் ஒரு மணி நேரத்துக்கு மூன்று வருடம்தான். ஆக, உங்கள் மகள் கணக்குப் போடுவதால் செல் தீரவில்லை. அந்த 900 மணி நேரம் வேறெங்கோ போகிறது.

என் விஷயத்தில் அது பையில் போனது. நாம் அணைக்க மறந்தாலும் பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும் என்று நம்பி விட்டுவிடுகிறோம். ஆனால் அந்தப் பத்து நிமிடம் கடைசியாகப் பட்டன் அழுந்திய நேரத்திலிருந்து எண்ணப்படுவது. மூடி போடாமல் புத்தகங்களுக்கு நடுவே செருகினால், பஸ் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதும் ஏதாவது ஒரு பட்டன் அழுந்தும். ஆன் பட்டன் அழுந்தினால் உயிர் வரும், மற்றவை அழுந்தினால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பைக்குள் வெளிச்சம் இல்லாததால் சோலாரும் உதவாது, மொத்தமும் செல்தான் கொடுக்க வேண்டும். இரவும் பகலும் எரிந்தபடி கிடந்தால் 900 மணி என்பது 37 நாள். அதனால் அந்தத் தள்ளு மூடியைத் தொலைக்காமல் போடச் சொல்லுங்கள். தொலைந்திருந்தால் கெட்டியான பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டி ஒன்றில் வைத்தால் போதும். பாதிப் பிரச்சினை அதிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது குளிர். ஒரு ஜனவரி காலை, ஊட்டிக்கு அருகே தலைகுந்தா பக்கம் ஒரு கேரட் தோட்டம் அளக்கப் போனோம். புல் எல்லாம் உறைபனியில் வெள்ளையாக இருந்தது. கால்குலேட்டரை எடுத்தால் எண்கள் மங்கி, பாதி தெரிந்தும் தெரியாமலும் இருந்தன. செல் போய்விட்டது என்று கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போட்டேன். அதுவும் மங்கல்தான். திரும்பி வந்து கோத்தகிரி கடைவீதியில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவரிடம் சொன்னபோது, "தம்பி, செல் சாகல. அதுக்குக் குளிருது. சட்டைக்குள்ள வெச்சுப் பாரு" என்றார்.

அவர் சொன்னது உண்மை. குளிரில் செல்லுக்குள் நடக்கும் ரசாயன வேலை மெதுவாகிறது, சுமை வரும்போது வோல்ட் இறங்குகிறது. திரையில் இருக்கும் திரவப் படிகமும் மந்தமாகிறது. இந்தக் கால்குலேட்டரை 0 முதல் 40 டிகிரி வரைதான் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். உறைபனிக் காலை அந்த எல்லைக்கு வெளியே போய்விடும். செல்லின் சக்தி எங்கும் போகவில்லை, சூடு வந்தால் திரும்பி வரும். இப்போதெல்லாம் ஸ்வெட்டருக்கு உள்ளே சட்டைப் பையில்தான் வைத்துக்கொள்கிறேன். டிசம்பர், ஜனவரியில் மங்கலாகத் தெரிந்தால் உடனே செல்லைத் தூக்கிப் போடாதீர்கள். பத்து நிமிடம் உடம்புச் சூட்டில் வையுங்கள். அதற்கும் தெளியவில்லை என்றால் செட்டப்பில் போய் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால்தான் செல் தீர்ந்தது என்று அர்த்தம். உங்கள் மகள் மாற்றிய இரண்டு செல்லில் ஒன்றாவது உயிரோடு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஈரம்தான் எனக்குப் பெரிய நஷ்டம் தந்தது. கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. அந்த இரண்டு மாதம் வெளி வேலை இல்லை என்று பழைய கால்குலேட்டரை அலமாரியில் போட்டுவிட்டேன். தை மாதம் எடுத்துப் பார்த்தபோது செல் கசிந்து, செல்லைத் தொடும் தகடெல்லாம் வெள்ளைப் பூ பூத்திருந்தது. பெயர் தெரியாத, அட்டையில் பத்தாக ஒட்டி வரும் செல். உள்ளே போர்டில் ஒரு கோடு அரித்துப் போயிருந்ததால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. எட்டு வருடம் என்னோடு மலை ஏறி இறங்கிய கருவி அது.

அல்கலைன் செல்லிலிருந்து வருவது காரம். லேசாகக் கசிந்திருந்தால் காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு துளி வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, பிறகு ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்த்திச் செல் போடலாம். தகடு வெறுமனே கறுத்திருந்தால் பென்சில் ரப்பர் போதும். இன்னொன்று, குளிரிலிருந்து நேராக அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுபோனால் கால்குலேட்டரின் மேல் வியர்த்துவிடும். ஜிப் கவருக்குள் போட்டு எடுத்துப் போய், அறையில் அரை மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு வெளியே எடுங்கள். செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை அந்தக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

எந்தச் செல் வாங்குவது? கடையில் ஏஜி13, எல்ஆர்44, ஏ76 என்று எந்தப் பெயரில் கொடுத்தாலும் எல்லாம் ஒரே அல்கலைன் செல்தான், 11.6 மில்லிமீட்டர் அகலம், 5.4 உயரம். எஸ்ஆர்44 அல்லது 357 என்று கேட்டால் அதே அளவில் சில்வர் ஆக்சைடு செல் கிடைக்கும். விலை அதிகம். ஆனால் 150 மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் இருக்கும், 1.55 வோல்ட்டைக் கடைசிவரை இறங்காமல் கொடுக்கும், கசிவதும் குறைவு. மலையில் இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். காது மெஷின் செல்லும் இதே அளவில் பொருந்தும், ஆனால் போடாதீர்கள். அது ஸ்டிக்கரை உரித்துக் காற்று பட்டதுமே வேலையை ஆரம்பித்துவிடும், நீங்கள் கணக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் சில வாரத்தில் காய்ந்துவிடும்.

சோலார் இருக்கிறதே, வெயிலில் வைத்தால் சார்ஜ் ஏறாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஏறாது. இந்தச் செல் சார்ஜ் ஆகும் வகையே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, தகட்டை விரல் மறைக்காமல் கணக்குப் போட்டால் செல்லின் செலவு குறையும், அவ்வளவுதான்.

செல் போடும்போது உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள். பிறகு ஷிஃப்ட், 9, 3, சமம், ஏசி தட்டி ஒருமுறை முழுதாக ரீசெட் செய்யுங்கள். போட்ட தேதியை டேப்பில் எழுதிப் பின்னால் ஒட்டுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் மூன்று வருடத்தில் மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் கசியக்கூடும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கழற்றிய செல்லை மேஜையில் வைக்கவே வைக்காதீர்கள். தீர்ந்த செல்லும் ஆபத்துதான். விழுங்கித் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். சிஆர்2032 போன்ற பெரிய லித்தியம் செல் இன்னும் மோசம். அப்படி ஒன்று நடந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கடைசியாகப் பரீட்சை. செமஸ்டர் நவம்பர், டிசம்பரில் வருவதால் குளிரும் சேர்ந்துகொள்ளும். முந்தின நாள் செல் மாற்ற வேண்டாம். இரண்டு வாரம் முன்பே மாற்றிவிட்டால், வாங்கிய செல் பழைய சரக்காக இருந்தாலும் வீட்டுப் பாடம் செய்யும்போதே தெரிந்துவிடும்.