விபத்து வழக்கில் போலீஸ் ஒருதலைப்பட்சமாக நடந்தால் என்ன செய்வது?

கடலூரில் மோதிய கார் செல்வாக்குள்ளவருடையது, போலீஸ் அவர் பக்கம் சாய்கிறது என்று ஊரே பேசுவதாகச் சொல்லி, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் எஃப்.ஐ.ஆர். நகலை வாங்குங்கள். புகார்தாரருக்கு அது இலவசம். குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வண்டி எண், நேரம், வந்த திசை எல்லாம் சரியா என்று வரிவரியாகப் பாருங்கள். எண் தெரிந்தும் ‘அடையாளம் தெரியாத வாகனம்’ என்றிருந்தால் உடனே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். வழக்கே பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார், அப்புறம் மாஜிஸ்திரேட்.

இதைவிட அவசரம் சிசிடிவி. கடைக் கேமராக்களில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். எந்தக் கடை, எத்தனை மணி என்று குறிப்பிட்டு, அதைக் கைப்பற்றச் சொல்லி மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். துக்கத்தில் இருக்கும் குடும்பம் இதற்கெல்லாம் அலைவது அநியாயம்தான். அக்கம்பக்கத்தாரும் அவர்களோடு போங்கள். இழப்பீட்டு வழக்கு தனி; மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் சாட்சியத்தைத் தானே எடைபோடும்.