தாமரை இலைத் தண்ணீர் சரி, தாமரை இலை எண்ணெய்?

கேள்வி: போன் வாங்கிய புதிதில் திரை வழுவழுவென்று இருந்தது. விரல் ரேகை விழுந்தால் ஒரே துடைப்பில் போய்விடும். ஒன்றரை வருஷம் ஆனதும் பிசுக்கு அப்பிக்கொண்டு போகவே மாட்டேன் என்கிறது. தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாத பூச்சு, தாமரை இலை மாதிரி என்று கடைக்காரர் சொன்னாரே சார், ஏமாற்றிவிட்டாரா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பூச்சு இருந்தது உண்மைதான் அம்மா. அவர் சொன்ன உவமைதான் தப்பு.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பூக்கடையில் மல்லிகை பொதிந்து தருகிற தாமரை இலை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். மேல்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். பாதரசம் போலத் திரண்டு, இலையைச் சாய்த்ததும் உருண்டு ஓடியது. பக்கத்திலேயே ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டேன். அது மெல்லப் பரவி, நெற்றிப்பொட்டு அளவுக்குக் கரும்பச்சைக் கறையாகப் படிந்துவிட்டது. தாமரை இலைத் தண்ணீர் என்று சொன்ன நம் பெரியவர்கள், தாமரை இலை எண்ணெய் என்று சொல்லவில்லை பாருங்கள்!

இலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மேடுகள். அவற்றின் மேல் மெழுகு. ஜெர்மனியின் பான் நகரத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் இதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, 1997இல் சக ஆய்வாளரோடு விரிவாக எழுதினார். தண்ணீர் தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் சரக்கு. அதன் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். அதனால் மேடுகளின் உச்சியிலேயே நின்றுவிடுகிறது. சமையல் எண்ணெய்க்கு அதில் பாதிகூடக் கிடையாது. அந்தப் பிடி இல்லாததால் இடுக்குகளில் இறங்கிவிடுகிறது.

சரி, போன் கண்ணாடியிலும் இப்படி மேடு வைத்தால் என்ன? மேடுகள் பெரிதானால் ஒளி சிதறி, திரை பால் படிந்தது போல மங்கும். ஒளியின் அலைநீளத்தைவிட ரொம்பச் சின்னதாக வைத்தால் பளிச்சென்று தெரியும். ஆனால் கட்டைவிரல் நாலு நாள் தேய்த்தாலே மட்டமாகிவிடும். அதனால் கண்ணாடியை வழுவழுப்பாகவே விட்டுவிட்டு, ஃபுளூரின் நிறைந்த நீள மூலக்கூறுகளை அதன்மேல் நட்டு வைக்கிறார்கள். ஒரு முனை கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். மறுபக்கம் எதையும் ஒட்டவிடாது. தடிமன் சில நானோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டர் வரைதான். இதில் எண்ணெய் உருண்டு ஓடாது. பரவாமல் குட்டிக் குட்டியாய் நிற்கும், அவ்வளவுதான். அதனால்தான் ஒரே துடைப்பில் போனது.

உங்கள் போனில் எங்கே தேய்ந்திருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். ஊக்கு முனையில் தொட்டுச் சின்னச் சொட்டுகளாகத் தண்ணீர் வையுங்கள். என் போனில் மேல் ஓரத்தில் வைத்த சொட்டு பாசிப்பயறு போல எழும்பி நின்றது. கீழே, நான் தட்டச்சு செய்கிற இடத்தில் தட்டையாகச் சரிந்துவிட்டது. அங்கேதான் கட்டைவிரல் நாள் முழுக்க ஓடுகிறது. போதாக்குறைக்கு விபூதி கையோடு போனை எடுக்கும் பழக்கம் எனக்கு!

மறுபடி பூசப் புட்டியில் திரவம் விற்கிறார்கள். பிசுக்குத் துளியும் இல்லாமல் துடைத்துக் காயவிட்டுப் பூசினால்தான் கண்ணாடியைப் பிடிக்கும். பிடித்தாலும் ஆலையில் போட்டதுபோல நிற்காது. அதைவிட டெம்பர்டு கிளாஸை மாற்றிவிடுவது மேல் என்பேன். நல்லதாக வாங்கினால் அதன் மேலேயே புதுப் பூச்சு இருக்கும்.

கேள்வி: கார் முன்கண்ணாடிக்கு அடிக்கும் ஸ்பிரேயும் இதுதானா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: பலவற்றில் ஃபுளூரினுக்குப் பதில் சிலிக்கான் சரக்கு இருக்கும். மழைநீர் முத்து முத்தாகத் திரண்டு, வண்டி வேகம் பிடித்ததும் காற்றே அதைத் தள்ளிவிடும். வைப்பர் ஓட ஓடத் தேயும். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு தடவை பூசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபுளூரின் பூச்சு விஷம் என்கிறார்களே, போனைத் தொடலாமா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: தாராளமாகத் தொடலாம். திரையில் இருப்பது மிகமிகக் கொஞ்சம். கவலைப்பட வேண்டியது ஆலைக் கழிவைப் பற்றி. இந்த வகைப் பொருள்களில் சில மண்ணிலும் நீரிலும் சிதையாமல் காலகாலத்துக்கும் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஏ என்ற ரசாயனத்தை, எளிதில் சிதையாத நச்சுகளைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2019இல் சேர்த்தார்கள். வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: செருப்பு, சோபாவுக்கு அடிக்கும் நீர் ஒட்டாத ஸ்பிரேயைக் கதவைச் சாத்திக்கொண்டு அடிக்காதீர்கள். அந்த நுண்துளிகளைச் சுவாசித்து நுரையீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. மொட்டை மாடிக்கு எடுத்துப் போய், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று அடியுங்கள்.