ஸ்கெட்சுகளுக்குக் கட்டுப்பாடு இடுதல்: கேள்வி பதில்

கேள்வி: சாலிட்வொர்க்ஸ் என்ற கணினி வடிவமைப்பு மென்பொருளில் ஸ்கெட்சாக (தட்டையான வரைவாக) வரைந்த செவ்வகத்தின் நீளம், அகலம் இரண்டையும் கொடுத்த பிறகும் கோடுகள் நீலமாகவே இருக்கின்றன. என்ன குறை?

பதில்: நீலம் என்றால் கோடு இன்னும் நகரக்கூடியது, கறுப்பு என்றால் முழுதாகக் கட்டுப்பட்டது. செவ்வகத்தின் அளவு முடிவாகிவிட்டது, இடம் முடிவாகவில்லை. ஒரு கோட்டுக்கு இரு முனைகள், ஒவ்வொரு முனைக்கும் எக்ஸ், ஒய் என இரு மதிப்புகள். ஆக நான்கு கோடுகளுக்கு 16. மூலைகளில் முனைகளை இணைக்கும் கோஇன்சிடென்ட் கட்டுப்பாடுகள் மூலைக்கு 2 வீதம் 8ஐக் கழிக்கின்றன. இரண்டு ஹரிசான்டலும் (கிடைமட்டம்) இரண்டு வெர்ட்டிகலும் (நிலைக்குத்து) மேலும் 4ஐக் கழிக்கின்றன. எஞ்சிய 4இல் நீளமும் அகலமும் போக, மீதி 2 அந்தச் செவ்வகம் தளத்தில் எங்கே நிற்கிறது என்பதற்கானவை. ஒரு மூலையை ஆரிஜினில் (எக்ஸ், ஒய் இரண்டும் சுழியாகும் புள்ளி) பொருத்தினால் கோடுகள் கறுப்பாகிவிடும்.

ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். மூலையைப் பொருத்தாமல், மூலைவிட்டமாக ஒரு கன்ஸ்ட்ரக்ஷன் கோடு (பொருளில் சேராத துணைக் கோடு) வரைந்து அதன் நடுப்புள்ளியை ஆரிஜினில் வைத்தாலும் கறுப்பாகும். நீளத்தை 80 மி.மீ.இலிருந்து 100 ஆக்கும்போது முதல் வடிவம் ஒரே பக்கமாக 20 நீளும். இரண்டாவது பக்கத்துக்கு 10 வீதம் நீளும். இவற்றுள் எது உங்களுக்கு வேண்டும் என்பதை எந்த நிறமும் சொல்லாது.

கேள்வி: எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஃபிக்ஸ் (இருக்கும் இடத்திலேயே உறைய வைக்கும் கட்டுப்பாடு) கொடுத்தால் எளிதாகக் கறுப்பாகிவிடுகிறதே?

பதில்: ஆகிவிடும், நான் அஞ்சுவது அதைத்தான். கை போன போக்கில் வரைந்த கோடு 37.4182 என்ற நீளத்தில் உறைந்துவிடும், அந்த எண் ஸ்கெட்சில் எங்கும் கண்ணில் படாது. பிறகு அதற்கு அளவு கொடுக்க முயன்றால் முரண்பாடு வரும், அல்லது அந்த அளவு வடிவத்தை மாற்ற இயலாத வெறும் ரெஃபரன்ஸாக நிற்கும்.

கேள்வி: ஃப்ரீகேட் என்ற மற்றொரு வடிவமைப்பு மென்பொருளில் செவ்வகத்தின் மூலைக்குப் பெர்பெண்டிகுலர் (இரு கோடுகளுக்கிடையே 90 பாகை) கட்டுப்பாடு கொடுத்தேன். மிகையான கட்டுப்பாடு என்று எச்சரிக்கிறது.

பதில்: ஹரிசான்டலும் வெர்ட்டிகலும் இருக்கும் இடத்தில் 90 பாகை ஏற்கெனவே அமைந்துவிட்டது. கடைசியாகச் சேர்த்ததை நீக்குங்கள்.

கேள்வி: நீள்துளை வரையும்போது இரண்டு முனை வளைவுகளும் வெவ்வேறு அளவில் வருகின்றன. டேன்ஜென்ட் (கோடு வளைவைத் தொட்டுச் செல்லும் கட்டுப்பாடு) எல்லாம் கொடுத்துவிட்டேன்.

பதில்: டேன்ஜென்ட் மட்டும் போதாது, ஏனெனில் பெரிய வட்டத்தையும் சிறிய வட்டத்தையும் தொட்டுச் செல்லும் இரு கோடுகளும் அந்த நிபந்தனையைக் குறைவின்றி நிறைவேற்றுகின்றன. இரண்டு கோடுகளுக்கு 8, இரண்டு வளைவுகளுக்கு 10 (மையத்துக்கு 2, ஆரத்துக்கு 1, இரு முனைகளின் கோணங்களுக்கு 2 என வளைவுக்கு 5), ஆக 18; நான்கு இணைப்புகள் 8ஐயும் நான்கு டேன்ஜென்ட்கள் 4ஐயும் கழிக்க, எஞ்சுவது 6. ஆரங்களுக்கு ஈக்வல் கொடுத்தால் 5. பிறகு மையங்களுக்கிடையே தூரம், ஆரம், சாய்வு, இடம் ஆகியவற்றைக் கொடுத்தால் முடிந்தது.

கேள்வி: டிஎக்ஸ்எஃப் கோப்பை (மென்பொருள்களுக்கிடையே வரைபடம் பரிமாறும் கோப்பு வகை) உள்ளே கொண்டுவந்தேன். கட்டுப்பாடே இல்லை. ஃபிக்ஸ் செய்துவிடலாமா?

பதில்: ஃபிக்ஸ் பற்றி மேலே சொன்னதுதான். அதைத் தனி ஸ்கெட்சில் பின்னணியாக வைத்துக்கொண்டு, மேலே புதிதாக வரையுங்கள்.

கேள்வி: நான் உடன்படவில்லை. வடிவத்தைத் தேடும் நிலையில் கோடுகளை இழுத்து இழுத்துப் பார்க்கிறேன். அப்போது முழுக் கட்டுப்பாடு வீண் வேலை.

பதில்: அளவுகளைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி, வடிவ உறவுகளைப் பொறுத்தவரை ஏற்க மாட்டேன். 1963இல் ஐவன் சதர்லேண்ட் எம்ஐடியில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேடிலேயே இணை, சம நீளம் போன்ற கட்டுப்பாடுகள் இருந்தன. அவை இருப்பதால்தான் ஒரு மூலையை இழுக்கும்போது வடிவம் சிதையாமல் மாறுகிறது. எனவே உறவுகளை முதலில் இடுங்கள், அளவுகளைப் பிறகு இடுங்கள்.

கேள்வி (அதே நண்பர்): அப்படியானால் நீலத்தில் விட்டே எக்ஸ்ட்ரூட் செய்யலாம் (ஸ்கெட்சைக் கனப்பொருளாக நீட்டலாம்) என்றுதானே பொருள்?

பதில்: தேடலுக்காகச் செய்யலாம். ஆனால் அந்தப் பொருளின் விளிம்பைப் பற்றிக்கொண்டு அடுத்த ஸ்கெட்சும், அதைப் பற்றிக்கொண்டு மற்றொன்றும் எழுந்த பிறகு, தவறுதலாக ஒரு கோட்டை இழுத்தாலும் எல்லாமே நகரும். சில பிழையாகும், மற்றவை சத்தமின்றித் தவறான அளவில் நிற்கும். பின்னதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். வேறொருவர் கைக்குக் கோப்பைக் கொடுக்கும் முன் நீலக் கோடு ஒன்றையும் மிச்சம் வைக்காதீர்கள்.

கேள்வி: ஒருவேளை தற்காலிகமாக ஃபிக்ஸ்...

பதில்: வேண்டாம்.

கேள்வி: அசெம்பிளியில் (பல பாகங்களைச் சேர்க்கும் கோப்பு) மேட்கள், அதாவது பாகங்களைப் பொருத்தும் கட்டுப்பாடுகள், முரண்படுகின்றன.

பதில்: அது ஸ்கெட்ச் விஷயமன்று, அசெம்பிளிக்கான அமர்வில் கேளுங்கள்.