சாகோஸ் தீவுகள்: நிலம் யாருக்கு, கடல் யாருக்கு? கேள்வி பதில்

கேள்வி: சாகோஸும் டியகோ கார்சியாவும் ஒன்றா?

பதில்: இல்லை. மாலத்தீவுக்குத் தெற்கே சுமார் 500 கி.மீ. தள்ளி, ஏறக்குறைய 60 தீவுகள் கொண்ட கூட்டம் சாகோஸ். மொத்த நிலமே 60 ச.கி.மீ.க்குள்தான், அதில் பாதியளவு டியகோ கார்சியா. அமெரிக்க–பிரிட்டிஷ் ராணுவத் தளம் அங்கே மட்டுமே.

கேள்வி: 2,000 கி.மீ.க்கு அப்பால் இருக்கும் மொரீஷியஸ் எப்படி உரிமை கோருகிறது?

பதில்: தூரத்தைப் பார்க்காதீர்கள், தேதிகளைப் பாருங்கள். தன் காலனியாக இருந்த மொரீஷியஸிலிருந்து பிரிட்டன் சாகோஸைப் பிரித்தெடுத்தது 1965 நவம்பரில். மொரீஷியஸ் விடுதலை பெற்றது 1968 மார்ச்சில். விடுதலைக்கு முன் காலனியைத் துண்டாடியது செல்லாது என்று 2019இல் சர்வதேச நீதிமன்றம் 13க்கு 1 என்ற கணக்கில் கூறியது. அது ஆலோசனைக் கருத்துதான். ஆனால் 2021இல் கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு அதை ஏற்றுத்தான் மொரீஷியஸ்–மாலத்தீவு எல்லை வழக்கையே விசாரணைக்கு எடுத்தது.

கேள்வி: அந்தக் கடல் எல்லையை எப்படி வரைந்தார்கள்?

பதில்: இரு கரைகளுக்கும் இடையே சுமார் 270 கடல் மைல். கரையிலிருந்து 200 கடல் மைல் வரை கடல் வளங்களுக்கு ஒரு நாடு உரிமை கோரலாம். ஆளுக்கு 200 என்றால் 400 வேண்டும். அதனால் உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. முதலில் இரு கரைக்கும் சமதூரத்தில் தற்காலிகக் கோடு, பிறகு சூழலுக்கேற்ற திருத்தம், கடைசியில் பங்கு பொருத்தமா என்ற சரிபார்ப்பு. சிக்கல் சாகோஸிலுள்ள பிளென்ஹைம் என்ற பவளத் திட்டில் வந்தது. நீர் வற்றும்போது தெரியும், ஏறும்போது மூழ்கிவிடும். அதிலிருந்து சமதூரத்தை அளக்க அமர்வு மறுத்தது. திருத்தும்போது மட்டும் அரை மதிப்புக் கொடுத்தது. 2023 ஏப்ரல் 28 தீர்ப்பின்படி மொரீஷியஸுக்கு 45,331 ச.கி.மீ., மாலத்தீவுக்கு 47,232. இந்தத் திட்டைத் தீவாக எண்ணி முழு மதிப்போடு கோடு போட்ட வரைபடத்தை நம்பாதீர்கள்.

கேள்வி: பிரிட்டனும் மொரீஷியஸும் செய்த 2025 ஒப்பந்தத்தோடு தீவுகள் கைமாறிவிட்டனவா?

பதில்: மே 22 என்பது கையெழுத்தான நாள். இருதரப்பும் ஏற்புறுதி செய்தால்தான் அது நடப்புக்கு வரும். டியகோ கார்சியாவை 99 ஆண்டுகள் பிரிட்டனே பயன்படுத்தும் என்பது அதன் மையம்.

கேள்வி: அங்கே வாழ்ந்தவர்கள்?

பதில்: 1967க்கும் 1973க்கும் இடையில் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள், அல்லது திரும்பிவர விடாமல் தடுக்கப்பட்டார்கள். கொப்பரைத் தோட்டங்களில் உழைத்த ஆப்பிரிக்க அடிமைகள், தென்னிந்தியத் தொழிலாளர்கள் ஆகியோரின் வழிவந்தவர்கள் அவர்கள். இந்த விவகாரத்தில் மிகப் பெரிய அநீதி அதுதான். புதிய ஒப்பந்தம் மற்றத் தீவுகளில் மக்களைக் குடியேற்ற மொரீஷியஸுக்கு வழிவிடுகிறது. டியகோ கார்சியாவில் பிறந்தவர்கள் அங்கே குடியேற அதில் இடமில்லை.