வெளுத்துப்போன வானத்தை போட்டோஷாப்பில் மாற்றினால் தெரியுமா?

குளக்கரையில் எடுத்த குடும்பப் படத்தில் வானம் வெள்ளைவெளேர் என்று இருக்கிறது, வேறு வானம் வைத்தால் பார்ப்பவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உச்சிவெயிலில் ஆட்டோ மோடில் எடுத்திருப்பீர்கள். தெரியும். நான் மாற்றிய வானம் ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று வருஷம் முன்பு, சித்திரை மாதம், கும்பகோணம் மகாமகக் குளத்தில் ஒரு கல்யாண ஜோடிக்கு அவுட்டோர் ஷூட். காலை ஏழு மணிக்கு என்றுதான் பேச்சு. மேக்கப் முடிந்து பெண் வந்து இறங்கும்போது மணி பன்னிரண்டு. முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் வானம் போகும், வானத்துக்கு வைத்தால் முகம் கருக்கும். நான் முகத்தைக் காப்பாற்றினேன்.

ரா (RAW) ஃபைலாக, அதாவது கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் வடிவத்தில், எடுத்திருந்தால் முதலில் ஹைலைட்டை (வெளிச்சம் தூக்கலான பகுதிகளை) இறக்கிப் பாருங்கள், கொஞ்சம் மேகம் திரும்பி வரலாம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்ச அளவான 255இல் முட்டிக்கொண்டு நின்றால் அங்கே ஒன்றும் இல்லை, இழுத்தால் சாம்பல்தான் வரும். எனக்குச் சாம்பல்தான் வந்தது. போட்டோஷாப்பில் 2020 கடைசியிலிருந்து எடிட் மெனுவிலேயே ஸ்கை ரீப்ளேஸ்மென்ட் இருக்கிறது. ஒரே அழுத்தில் வானம் மாறியது. தென்னங்கீற்று நுனியில் மட்டும் வெள்ளைக் கோடு. அதற்குப் பழைய வித்தை ஒன்று: புது வானத்தை மேலே தனி லேயராக (அடுக்காக) வைத்து, அடியில் உள்ளதோடு கலந்து கருமையாக்கும் மல்டிப்ளை மோடைப் போடுங்கள். வெள்ளை மேல் வானம் அப்படியே இறங்கும், கறுத்த கீற்று கறுப்பாகவே நிற்கும். ஆட்கள் மேலும் கட்டடம் மேலும் படிவதை மட்டும் மாஸ்க்கில் (லேயரில் வேண்டாத இடத்தை மறைக்கும் திரையில்) அழித்தால் போதும்.

ஆல்பம் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெண்ணின் பெரியப்பா, ரிடையர்டு டிராயிங் வாத்தியார், நடுப்பக்கத்தில் விரலை வைத்தார். “தம்பி, மேல இவ்வளவு மேகம் இருக்கே, தண்ணியில ஒண்ணுகூடக் காணோமே?”

குளத்துத் தண்ணீரில் மண்டபத்தின் பிம்பம் விழுந்திருக்கிறது, மேகம் விழவில்லை. தண்ணீர் பூராவும் அதே பழைய வெள்ளை. அவர் விடவில்லை. “இது சாயங்கால வானம். மாப்பிள்ளை நிழல் காலடியில கிடக்கு.”

வானம் மாற்றுவது ஏமாற்று வேலை என்று கமெண்ட் போடப் போகிறவர்களுக்கு: 1850களிலேயே பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒரே படமாகப் பிரிண்ட் போட்டிருக்கிறார். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டிலும் வானம் வெளுத்துத்தான் போகும். செய்தித்தாள் படத்தில் இதைச் செய்தால் தப்பு. கல்யாண ஆல்பத்தில் என்ன தப்பு? செய்வதை ஒழுங்காகச் செய்யாததுதான் என் தப்பு.

எடிட்டிங்குக்குத் தனியாகக் காசு கேட்டால் மட்டும் “கம்ப்யூட்டர்தானே பண்ணுது” என்பார்கள். காலை நாலு மணிக்கு வந்து நிற்கிறவனுக்குக் கடைசிப் பந்தியில்தான் இலை, அதற்குள் பாயசம் தீர்ந்திருக்கும். இதை எங்கே போய்ச் சொல்வது? சரி, விடுங்கள்.

ஆல்பத்தின் அந்த நடுப்பக்கத்தை என் செலவில் மறுபடி அடித்தேன். இந்த முறை மதிய வானம்: வெளிர்நீலம், சின்னச் சின்ன மேகம், அடிவானத்துக்குப் பக்கத்தில் இன்னும் வெளிறல். அதையே காப்பி எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, தண்ணீர் மேல் மட்டும் மாஸ்க் வைத்து, மல்டிப்ளையில் ஒபாசிட்டியை (லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரியும் என்ற அளவை) கண்ணுக்குச் சரியாகப் படும்வரை குறைத்தேன். அலைக்கு ஏற்ற மாதிரி லேசாக மோஷன் பிளர், அதாவது அசைவது போன்ற மங்கல். இந்தத் தண்ணீர் வேலைக்கு மட்டும் இரண்டு மணி நேரம்.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் குளத்தைத்தான் பார்த்தார். பிறகு மாப்பிள்ளை காலடியை. ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.